குருதி ஏகாரில் தெரியும் வளையங்கள்

கொழும்பில் ஆய்வுகூடப் பயிற்சிக்கு வருகின்ற மாணவர்கள் அல்பா, பீற்றா, காமா எனச் செங்குழியச் சிதைவின் வகைகளைத் தடையின்றி ஒப்புவிக்கிறார்கள். ஆனால் குருதி ஏகாரில் (பற்றீரியாவை வளர்க்கும், குருதி கலந்த கூழில்) வளர்ந்த பற்றீரியாக் கொலனியைச் சுற்றித் தெரியும் வளையத்துக்குள் செங்குழியத்துக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் தயங்குகிறார்கள். அது அவர்களுடைய குற்றமன்று. 1903இல் ஜேர்மனியரான ஹூகோ ஷொட்முல்லர் குருதி கலந்த ஏகாரில் ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் பற்றீரியாக்களை வேறுபடுத்திக் காட்டினார். 1919இல் அமெரிக்கரான ஜேம்ஸ் ஹோவர்ட் பிரவுண் அந்தத் தோற்றங்களுக்குக் கிரேக்க எழுத்துகளைச் சூட்டினார். கண்ணுக்குத் தெரிந்ததைக் கொண்டு அமைந்த பகுப்பு என்பதால், ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு நிகழ்வுகள் அடங்கிப் போயின. காமாவில் சிதைவு எதுவுமே இல்லை. ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

அல்பா வகையின் பச்சை வளையம் பெரும்பாலும் சிதைவே அன்று என்பது என் கருத்து. நியூமோகொக்கசும் வாயில் வாழும் விரிடன்ஸ் ஸ்ரெப்ரோகொக்கசுகளும் ஒட்சிசன் உள்ள சூழலில் ஐதரசன் பேரொட்சைட்டை வெளிவிடுகின்றன. அது செங்குழியத்துக்குள் புகுந்து ஈமோகுளோபினின் இரும்பை ஒட்சியேற்றி மெதீமோகுளோபினாக மாற்றுவதால் நிறம் திரிகிறது. அந்த வளையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உடையாத செங்குழியங்களை இன்னும் காணலாம்.

பீற்றா வகையில்தான் கலம் உண்மையிலேயே அழிகிறது. அங்கும் வழி ஒன்றல்ல. தொண்டை அழற்சியை உண்டாக்கும் ஏ தொகுதி ஸ்ரெப்ரோகொக்கசு சுரக்கின்ற ஸ்ரெப்ரோலைசின் ஓ, கலமென்சவ்வின் கொலஸ்திரோலைப் பற்றிக்கொண்டு, பல மூலக்கூறுகள் வட்டமாகக் கூடி ஏறத்தாழ 25 முதல் 30 நனோமீற்றர் விட்டமுள்ள துளையை இடுகிறது. ஈமோகுளோபின் மூலக்கூறு 6 நனோமீற்றர் அளவே என்பதால் அது அந்தத் துளை வழியாகத் தாராளமாக வெளியேறிவிடும். ஸ்ரபிலோகொக்கசு ஓரியசு என்ற வேறொரு பற்றீரியாவின் அல்பா நச்சோ (இப்பெயருக்கும் அல்பா வகைச் சிதைவுக்கும் தொடர்பில்லை) ஏழு மூலக்கூறுகள் சேர்ந்து 2 நனோமீற்றருக்கும் குறைவான துளையை மட்டுமே அமைக்கிறது. அதன் ஊடாக ஈமோகுளோபின் வெளியே போக முடியாது. உப்பும் நீரும் உள்ளே பாய, கலம் ஊதிப் பெருத்து வெடிக்கிறது. ஏகார் ஊற்றிய பிளேட்டில் இரண்டும் ஒரே தெளிந்த வளையமாகவே தோன்றும்.

ஸ்ரெப்ரோலைசின் ஓ ஒட்சிசன் பட்டால் செயலிழக்கும். மேற்பரப்பில் நாம் காணும் தெளிவு பெரிதும் ஒட்சிசனைத் தாங்கும் ஸ்ரெப்ரோலைசின் எஸ் என்ற சிறு பெப்ரைட்டின் வேலை. அதைச் சுரக்காத இனம் மேற்பரப்பில் சிதைவைக் காட்டாமல் ஏமாற்றக்கூடும் என்பதாலேயே, மாதிரியை ஏகாரில் கோடாகப் பூசிய பின் லூப் என்ற கம்பிக் கருவியால் ஏகாரைச் சில இடங்களில் குத்திவிடுகிறோம். அந்தக் குத்துகளுக்குள் ஒட்சிசன் குறைவு. இவ்விரு ஸ்ரெப்ரோலைசின்களில் உடல் எதிர்ப்பொருள் உருவாக்குவது ஓவுக்கு எதிராக மட்டுமே. வாதக் காய்ச்சல் சந்தேகிக்கப்படும் பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் கேட்கும் ஏ.எஸ்.ஓ. பரிசோதனை அந்த எதிர்ப்பொருளையே அளக்கிறது.

யாருடைய குருதி என்பதும் முடிவை மாற்றும். ஏகாரில் கலக்கும் வழக்கமான அளவு ஐந்து சதவீத செம்மறிக் குருதி, அதுவும் உறையாதபடி நார்ப்புரதம் நீக்கியது. இலங்கையில் செம்மறி பெரும்பாலும் வடக்கிலும் உலர் வலயத்திலும் வளர்வதால், கொழும்பில் காலாவதியான குருதி வங்கிப் பையை நாடும் ஆசை எழுவது இயல்பு. அது நல்லதன்று: அதில் உறைதலைத் தடுக்கும் சிற்றேற்றும் குளுக்கோசும் இருக்கும், வழங்கியவரின் எதிர்ப்பொருள்கள் இருக்கும், சில வேளை நுண்ணுயிர்க்கொல்லியும் இருக்கும். குளுக்கோசு மிகுந்தால் பற்றீரியா அமிலத்தை உண்டாக்கி, தெளிந்திருக்க வேண்டிய வளையத்தைப் பச்சையாக்கிவிடும். (நம் ஊர் ஈரப்பதனில் மூடியில் திரளும் நீர் கொலனிகளின் மேல் சொட்டாதிருக்க பிளேட்டைக் கவிழ்த்து வைக்கவேண்டும் என்பதையும் மாணவர்களுக்கு ஓயாமல் சொல்லவேண்டியிருக்கிறது.)

செம்மறிச் செங்குழியத்தின் மென்சவ்வில் ஸ்பிங்கோமயலின் என்ற கொழுப்பு மிகுதி. ஸ்ரபிலோகொக்கசின் பீற்றா நச்சு அதை வெட்டி மென்சவ்வை நலிவடையச் செய்தாலும், 37 பாகை வெப்பத்தில் கலம் பெரும்பாலும் உடையாமல் நிற்கும். பிளேட்டைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றினால்தான் உடையும். 1944இல் கிறிஸ்ரி, அற்கின்ஸ், மங்க்-பீற்றர்சன் ஆகிய மூவரும் விவரித்த காம்ப் பரிசோதனை இந்த நலிவைப் பயன்படுத்துகிறது. ஸ்ரபிலோகொக்கசின் கோட்டுக்குச் செங்குத்தாக, அதைத் தொடாமல், பி தொகுதி ஸ்ரெப்ரோகொக்கசைக் கோடிட்டால், அது சுரக்கும் புரதம் நலிந்த கலங்களை உடைத்துவிட, இரு கோடுகளும் நெருங்கும் இடத்தில் அம்புமுனை வடிவில் தெளிவு தோன்றும். பிறந்த சிசுவுக்குக் குருதி நஞ்சாதலையும் மூளையுறை அழற்சியையும் தரக்கூடிய பற்றீரியா இது. கர்ப்பிணியின் மாதிரியில் அந்த அம்புமுனை தெரிந்தால், பிரசவ வேளையில் தாய்க்குப் பெனிசிலின் கொடுக்க மருத்துவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம்.