முதலில் நின்றது யார்?

"அது நிக்கிறதுக்கு முன்னாடி நீதான் தம்பி நின்ன."

அண்ணன் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, மழை வரும்போலிருக்கு என்கிற தொனியில் சொன்னார். திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

கெலமங்கலம் சாலையில் ஒரு பாலிஹவுஸ், ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரம். ஓரத்தில் கிழிந்த பிளாஸ்டிக் ஷீட் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் பிடித்து வந்தது அந்தியூர் சந்தையில் வாங்கிய இரண்டு வயதுக் குதிரைக்குட்டி. லாயத்தில் தங்கமான பிள்ளை. இங்கே வந்ததும் காதிரண்டும் விறைக்க, மூக்கை விடைத்து, புர்ரென்று ஒரு சீறல். அப்புறம் நகரவில்லை.

நான் இழுக்கவில்லை. கயிறு இறுகினால் குதிரை பின்னால்தான் போகும். தளர்த்திவிட்டு, முதலில் இடக்கண்ணால் பார்க்கவிட்டேன். பிறகு உடம்பைத் திருப்பி வலக்கண்ணால். கண் பக்கவாட்டில் இருக்கும் பிராணி. ஒரு பக்கம் பார்த்துப் பழகியதையே மறுபக்கமிருந்து பார்த்து மிரளும். கொஞ்ச நேரத்தில் தலை இறங்கியது, வாயைச் சப்பியது. முன்னங்காலை ஒரு சாண் முன்னே வைத்தது. உடனே திருப்பிக் கூட்டிவந்துவிட்டேன்.

முரண்டு பிடிக்கும்போது திருப்பினால் முரண்டுதான் பழகும். அடி எடுத்து வைத்ததும் திருப்பினால் அந்த அடிக்குக் கூலி கிடைக்கிறது. என் கணக்கு இது. அண்ணனோ, "அது அடி வைக்கல, கால் மாத்தி நின்னுச்சு. இன்னைக்குத் திருப்பினா நாளைக்கு லாயத்து வாசல்லயே நிக்கும்" என்றார். அதற்குப் பிறகுதான் அந்த வாக்கியம்.

அவர் சொன்னால் லேசில் தள்ள முடியாது. ஓசூர் பக்கத்து மத்திகிரிப் பண்ணை 1824-ல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கியது. அவர் தாத்தா அங்கே லாயத்தில் வேலை பார்த்தவர். ஆனால் ராணுவத்துக்கு வேண்டியது சொன்னதும் போகிற குதிரை. பயத்தோடு போகிறதா, பயமில்லாமல் போகிறதா என்று யார் பார்த்திருப்பார்கள்? அடித்துத் தாண்டவைத்த குதிரை, ஷீட்டோடு சேர்த்து அடியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். இதைச் சொல்லும்போது எனக்கு நானே நியாயமாகத்தான் தெரிகிறேன்.

சரி, நான் முதலில் நின்றேனா? ஷீட்டைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன், அது உண்மை. கயிற்றை இன்னும் கிட்டத்தில் பிடித்த ஞாபகமும் இருக்கிறது. அது முன்ஜாக்கிரதைதானே? ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளிவந்தது. குதிரையைப் பிடித்து நடப்பவரிடம், இந்தத் தடவை வழியில் குடையை விரிப்போம் என்று சொல்லிவைத்தார்கள். கடைசிவரை விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதருக்கும் இதயத்துடிப்பு ஏறியது, குதிரைக்கும் ஏறியது. அவர்களுக்கு வராத குடை. எனக்கு நிஜமாகவே ஷீட் அடித்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் பயிற்சி யாருக்குக் கொடுக்க வேண்டும்? இந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாமே பிடிக்கிறவன் தப்பு என்று ஆக்கினால் குதிரைக்கென்று ஒரு பயம் கிடையாதா?

பிறகு அண்ணன் பெரிய குதிரையை முன்னால் விட்டார். குட்டி அதன் வாலில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஷீட்டைத் தாண்டியது, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "முடிஞ்சுது பார்" என்றார். எனக்கு முடிந்ததாகத் தெரியவில்லை. அது பெரிய குதிரையை நம்பியது, இடத்தை நம்பவில்லை. தனியாக நடத்திப் பார்த்தால்தான் தெரியும். அந்த வழியில் தனியாக நடத்துவதற்கு மட்டும் ஏனோ நேரம் அமையவில்லை. லாடம் அடிப்பவர் வந்துவிடுகிறார், இல்லாவிட்டால் கொள்ளு தீர்ந்துவிடுகிறது.

போன வாரம் முதலாளி கேட்டார், பங்குனியில் ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேருக்குக் கூட்டிப் போகலாமா என்று. தவிலும் வெடியும் கூட்டமும் இருக்கும். பெரிய குதிரையும் கூட வந்தால் போகலாங்க என்றேன்.

"அப்ப ரெண்டுக்கும் வண்டி வாடகையா?"

ஆமாங்க என்றேன்.