பிர்கா தீவில் புதைகுழி ஒன்று சொல்கிறது, எலும்பு ஒன்று சொல்கிறது

ஸ்டாக்ஹோம் நகரசபை மாளிகைக்குப் பக்கத்துப் படகுத்துறையில் ஏறினால், மேலாரன் ஏரி வழியாக ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பிர்கா, ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் பழைய வணிக ஊர். கோடை மாதங்களில் மட்டும்தான் படகு. தீவில் கிடைப்பது சில மணி நேரம். அதில் பெரும்பகுதியை அருங்காட்சியகத்து மாதிரி ஊரும் சாப்பாட்டுக்கடையும் விழுங்கிவிடும். அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, இறங்கியதும் ஊருக்குக் கிழக்கே உள்ள ஹெம்லாண்டனுக்கு நடந்துவிடுங்கள். அதுதான் ஊரின் இடுகாடு. புல் மூடிய, இடுப்பளவும் ஆளுயரமுமான கல்லறை மண்மேடுகள் 1,600க்கு மேல் அங்கே இருக்கின்றன. கால் வழுக்காத செருப்பு அவசியம். மேடுகளின் மீது ஏறாமல் இடையிலுள்ள தடத்திலேயே போக வேண்டும்.

இன்று மேலாரன் நன்னீர் ஏரி. பிர்கா வாழ்ந்த காலத்தில், அதாவது ஏறத்தாழ 750 முதல் 970கள் வரை, இது பால்டிக் கடலின் ஒரு கை. பனிப்பாறைகளின் பாரம் நீங்கியதிலிருந்து இங்கே நிலம் உயர்ந்துகொண்டே வருகிறது. அன்றைய நீர்மட்டம் சுமார் 5 மீட்டர் மேலே இருந்தது. பழைய துறை இப்போது புல்வெளிக்குள் கிடப்பது அதனால்தான்.

ஸ்வீடன் ஆய்வாளர் யால்மர் ஸ்டோல்பே 1871இல் இங்கே வந்தது அம்பர் என்ற உறைந்த மரப்பிசினுக்குள் சிக்கிய பூச்சிகளைத் தேடி. வந்தவர் கல்லறைகளிலேயே தங்கிவிட்டார். ஏறத்தாழ 1,100 குழிகளைத் தோண்டி, ஒவ்வொன்றையும் கட்டம் போட்ட தாளில் அளவோடு வரைந்தார். அந்தத் தாள்கள் மட்டும் இல்லையென்றால் பின்னால் வந்த விவாதம் எதற்கும் ஆதாரமே இருந்திருக்காது.

அவர் 1878இல் திறந்த குழிக்கு எண் பிஜே 581. கோட்டைக் குன்றை ஒட்டி, படைவீரர் இருப்பிடத்துக்கு அருகே, மரப்பலகையால் கட்டிய நிலவறை. வாள், கோடரி, ஈட்டி, சண்டைக் கத்தி, கவசத்தைத் துளைக்கும் 25 அம்புமுனைகள், இரண்டு கேடயங்கள். காலடிப் பக்கம் மண் திட்டில் ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக இரண்டு குதிரைகள். இவற்றோடு 28 ஆட்டக்காய்களும் பகடைகளும். வாளைப் பார்த்ததும் 'ஆண் வீரன்' என்று எழுதிவிட்டார்கள். நூறாண்டு அப்படியே நின்றது. 1970களில் எலும்பைப் பார்த்தவர்கள் ஐயம் கிளப்பியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடுப்பெலும்பின் பின்பக்கப் பள்ளம் அகலமாக இருந்தது, தாடை முனை துருத்தவில்லை. இரண்டுமே பெண்ணுக்குரிய அடையாளங்கள். கோரைப்பல்லிலிருந்தும் மேல்கை எலும்பிலிருந்தும் எடுத்த டிஎன்ஏவில் ஆண்களுக்குரிய ஒய் குரோமோசோம் இல்லை என்ற முடிவு 2017இல் வெளியானது.

பெட்டிகள் மாறியிருக்குமோ என்று உடனே கேட்டார்கள். நியாயமான கேள்வி, மண்டை ஓடே தொலைந்துவிட்டது, தலையில் மிஞ்சியது கீழ்த்தாடைதான். ஆனால் எலும்புகள் மீது குழி எண் மையால் எழுதப்பட்டிருக்கிறது, ஸ்டோல்பேயின் வரைபடத்தோடும் அவை பொருந்துகின்றன. அவள் சண்டையிட்டாளா என்பதை மட்டும் எந்த டிஎன்ஏவும் சொல்லாது. குழியில் பொருளை வைப்பவர்கள் உயிரோடு இருப்பவர்கள்தானே.

ஆய்வுக்கு எல்லா எலும்பும் உதவாது. பல்லும், உள்காதைச் சுற்றியுள்ள கெட்டியான எலும்பும்தான் டிஎன்ஏவை நன்றாகக் காக்கும். மேற்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டுத்தான் உள்ளிருந்து தூள் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டவர்களின் டிஎன்ஏவே வந்து நிற்கும். பிறந்து வளர்ந்த ஊரைத் தேட, பாறையிலிருந்து நீருக்கும் பயிருக்கும் வரும் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தின் வகைகள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்ப்பார்கள். பல் எனாமல் சிறுவயதில் உருவாகிப் பிறகு மாறாது என்பதால், குழந்தைப்பருவத்தில் குடித்த தண்ணீரின், தின்ற தானியத்தின் நிலவியல் தடம் அதில் தங்கியிருக்கும்.

பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ஹெம்லாண்டன் மேடுகளில் பெரும்பாலானவை எரித்த சாம்பலின் மேல் எழுப்பியவை. சிதை நெருப்பு டிஎன்ஏவை அழித்துவிடும். ஆகவே 'வைக்கிங் மரபணு' என்று நாம் படிப்பதெல்லாம் புதைக்கப்பட்டவர்களின் கணக்கு. எரிக்கப்பட்டவர்கள் அதில் இல்லை. முழுக்க வெந்து வெளுத்த எலும்பில் ஸ்ட்ரான்ஷியம் மட்டும் தாக்குப்பிடிக்கும். இங்கிலாந்தின் ஹீத் உட் மேடுகளில் எரிந்த குதிரையும் நாயும் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலேறி வந்தவை என்று 2023இல் கண்டுபிடித்தது அப்படித்தான்.

கார்பன் காலக்கணிப்பிலும் இடறல் உண்டு. இங்கிலாந்தின் ரெப்டனில் குறைந்தது 264 பேரின் எலும்புக் குவியல். சிலவற்றின் காலம் 873-74 குளிர்காலத்தில் அங்கே தங்கிய வைக்கிங் படைக்கு நூறாண்டுகளுக்கும் முன்னால் விழுந்தது. காரணம் மீன்! கடலில் உள்ள கார்பன் பழையது, மீன் தின்றவரின் எலும்பும் பழையதாகத் தெரியும். உணவுக்கேற்பத் திருத்தியபோது எல்லாம் ஒரே காலத்துக்கு வந்து சேர்ந்தன.

2020இல் 442 பேரின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. டென்மார்க் பக்கத்தவர் இங்கிலாந்துக்கும், நார்வேக்காரர் அயர்லாந்து, ஐஸ்லாந்து, கிரீன்லாந்துக்கும், ஸ்வீடன்காரர் பால்டிக் கரைக்கும் போயிருக்கிறார்கள். எஸ்தோனியாவின் சல்மேயில் சுமார் 750ஆம் ஆண்டுப் படகுகள் இரண்டில் 41 ஆண்கள். அவர்களில் நான்கு பேர் உடன்பிறந்தவர்கள், பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். ஒருவரின் வாயில் ஆட்டத்தின் ராஜா காய். ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளிலோ, வைக்கிங் முறையில் வாளோடு புதைத்த இருவரின் மரபணு அங்கே முன்பிருந்தே வாழ்ந்த பிக்ட் மக்களுடையது. வைக்கிங் என்பது பிறப்பால் வருவதல்ல, செய்கிற வேலை. மரபணுச் சோதனைக்கு எச்சில் அனுப்பி 'எனக்கு இத்தனை சதவீதம் வைக்கிங்' என்று தெரிந்துகொள்வதில் அர்த்தமில்லை.

பிர்காவில் கிடைத்த பொருட்களைத் தீவில் தேடாதீர்கள், அசல்கள் ஸ்டாக்ஹோம் வரலாற்று அருங்காட்சியகத்தில். அங்கேயே, பக்கத்துத் தீவான ஹெல்யோவில் 1956இல் கிடைத்த சின்ன வெண்கலப் புத்தரையும் பாருங்கள். ஆறாம் நூற்றாண்டளவில் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் வார்த்தது, உள்ளங்கைக்குள் அடங்கும். யார் கையிலிருந்து யார் கைக்கு மாறி வந்ததோ, அதைக் கேட்க அந்த வெண்கலத்தில் பல் கிடையாது.