இனிஷியலோடு ரிங்கில் ஏறுபவர்கள்

2025 ஏப்ரல் 20, ஞாயிறு

அடுத்த சனிக்கிழமை லண்டனில் கிறிஸ் யூபேங்க் ஜூனியரும் கானர் பென்னும் குத்துச்சண்டையில் மோதுகிறார்கள். இரண்டு பேருமே முக்கியமான உலகப் பட்டம் எதையும் வென்றவர்கள் இல்லை. ஆனாலும் டாட்டன்ஹாம் கால்பந்து மைதானமே நிரம்பப் போகிறது. காரணம் அவர்களுடைய அப்பாக்கள், கிறிஸ் யூபேங்கும் நைஜல் பென்னும்.

1990 நவம்பர் 18, பர்மிங்ஹாம். உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிஓவின் மிடில்வெயிட் (160 பவுண்டுப் பிரிவு) பட்டத்துக்கான சண்டை. நைஜல் பென்னை கிறிஸ் யூபேங்க் ஒன்பதாவது ரவுண்டில் வீழ்த்தினார். பென்னின் ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. யூபேங்குக்கு நாக்கு கிழிந்து, ரத்தத்தை விழுங்கிக்கொண்டே சண்டை போட்டார். 1993 அக்டோபரில் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் மறுபடி மோதியபோது சமன். மூன்றாவது சண்டை நடக்கவே இல்லை. அந்த மிச்சக் கணக்கைத்தான் இப்போது பிள்ளைகளை வைத்து விற்கிறார்கள்.

உண்மையில் இது 2022 அக்டோபரிலேயே நடந்திருக்க வேண்டியது. கானரின் பரிசோதனையில் குளோமிஃபீன் என்ற தடை செய்யப்பட்ட மருந்து தெரிந்ததால் கடைசி நேரத்தில் ரத்தானது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வழக்கு இழுத்து, 2024 நவம்பரில்தான் வழி திறந்தது. நடுவில் முட்டை அதிகம் சாப்பிட்டது காரணமாக இருக்கலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. இந்தப் பிப்ரவரியில் பத்திரிகையாளர் சந்திப்பில் யூபேங்க் ஜூனியர் கையில் ஒரு முட்டையை ஒளித்து வைத்திருந்து கானரின் கன்னத்தில் அறைந்து உடைத்தார். ஒரு லட்சம் பவுண்டு அபராதம். அவ்வளவு விலைக்கு இதுவரை எந்த முட்டையும் போயிருக்காது.

சரி, இந்தச் சண்டையைச் சாக்கிட்டு வாரிசு வீரர்களைப் பற்றி அவ்வப்போது இங்கே எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

2025 ஏப்ரல் 25, வெள்ளி

எடை பார்த்துவிட்டார்கள். வரம்பு 160 பவுண்டு. யூபேங்க் ஜூனியர் 160.05. கூடுதல் 0.05 பவுண்டு, அதாவது சுமார் 23 கிராம். ஒப்பந்தப்படி அபராதம் 3,75,000 பவுண்டு. கிராமுக்கு 16,000 பவுண்டுக்கு மேல் வருகிறது.

சிரிப்பதற்கு இல்லை. 35 வயது உடம்பைப் பிழிந்து 160க்குக் கொண்டுவந்திருக்கிறார். போதாததற்கு நாளைக் காலையில் இன்னொரு எடை பார்ப்பு இருக்கிறது, அதில் 170 தாண்டக் கூடாது. எடை பார்த்த பிறகு தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு உடம்பைத் தேற்றுவதுதான் வழக்கம். அதற்கும் ஒரு பூட்டு போட்டிருக்கிறார்கள். கானர் 147 பவுண்டுப் பிரிவில் வளர்ந்தவர், இரண்டு பிரிவு மேலே வருகிறார், அதை ஈடுகட்டத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் உடம்பில் நீர் வற்றினால் மூளைதான் முதலில் அடி தாங்காமல் போகும். பெரியவர் யூபேங்க் இந்தச் சண்டையை ஆரம்பத்திலிருந்தே எதிர்ப்பதற்கு இதுதான் காரணம். மகனோடு பேச்சுவார்த்தையும் சரியாக இல்லை. வரமாட்டார் என்கிறார்கள்.

அவர் பயப்படுவதற்கு நியாயம் இருக்கிறது. 1991 செப்டம்பரில், இப்போது மகன் சண்டை போடப் போகிற இதே இடத்தில், அப்போது அது ஒயிட் ஹார்ட் லேன், மைக்கேல் வாட்சனை அடித்தார். வாட்சன் மூளையில் ரத்தம் கட்டி, பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு வருடக்கணக்கில் நடக்கப் பழகினார். நைஜல் பென்னுக்கும் அப்படி ஓர் இரவு உண்டு. 1995 பிப்ரவரியில் அவரோடு மோதிய ஜெரால்ட் மெக்கிலெல்லன் பிறகு பார்வையையே இழந்தார். இரண்டு அப்பாக்களுக்கும் தெரியும், ரிங்கில் என்ன நடக்கக்கூடும் என்று.

2016 மார்ச்சில் நடந்ததை மறக்க முடியவில்லை. வெம்ப்ளியில் யூபேங்க் ஜூனியர், நிக் பிளாக்வெல்லை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். ரவுண்டு இடைவேளையில் பெரியவர் மகன் முகத்துக்கு நேராகக் குனிந்து, ரெஃப்ரி ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டுவிட்டு, இனி முகத்தில் அடிக்காதே, உடம்பில் அடி என்று நிதானமாகச் சொன்னார். கார்னரில், அதாவது வீரருக்குத் துணையாக ரிங் மூலையில், இருப்பவர் எதிராளிக்காகப் பேசி நான் பார்த்ததே இல்லை. பிளாக்வெல் அன்றிரவு கோமாவுக்குப் போய் ஒரு வாரம் கழித்துத்தான் மீண்டார்.

2025 ஏப்ரல் 27, ஞாயிறு

பெரியவர் வந்தார்! காரின் கதவு திறந்ததும் மகன் இறங்குகிறார், அடுத்து அப்பாவும். அரங்கம் அலறியதில் வர்ணனையே கேட்கவில்லை.

பன்னிரண்டு ரவுண்டும் ஓடியது. கானர் ஒவ்வொரு குத்தையும் இதோடு முடித்துவிட வேண்டும் என்றே வீசினார். சில குத்து காற்றில் போய் அவரே தடுமாறினார். யூபேங்க் ஜூனியர் நெருங்கி நின்று, கீழிருந்து மேலே போகும் சின்னச் சின்ன அப்பர்கட்டாகக் கணக்குப் பண்ணி அடித்தார். கடைசி ரவுண்டில் இரண்டு பேரும் தற்காப்பை விட்டுவிட்டு நின்று அடித்துக்கொண்டார்கள். புள்ளி போடும் மூன்று நடுவர்களும் 116-112, யூபேங்க் ஜூனியருக்கு. ஜெயித்தவர் நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

கானருக்கு 28 வயது. ஆட்டத்தில் இன்னும் கச்சாத்தன்மை இருக்கிறது. ஏன் இருக்காது? அமெச்சூரில் கொஞ்சம்தான் ஆடினார். 2016 ஏப்ரலில் முதல் தொழில்முறைச் சண்டையே ஓ2 அரங்கில், ஆன்டனி ஜோஷுவா உலகப் பட்டம் வென்ற அதே இரவில். 2017 டிசம்பரில் யார்க் ஹாலில் செட்ரிக் பெய்னோ என்ற பிரெஞ்சுக்காரர் அவரை முதல் ரவுண்டிலேயே இரண்டு தடவை கீழே தள்ளினார். எழுந்து, ஆறு ரவுண்டு முடிவில் புள்ளியில் ஜெயித்தார் என்பது அவருடைய நெஞ்சுரத்துக்குச் சாட்சி. ஆனால் அன்று அவரைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. வேறு எந்த 21 வயதுப் பையன் அப்படி விழுந்திருந்தாலும் அரங்கில் இருந்த சில நூறு பேரைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது.

எனக்கு இந்த விஷயத்தில் படுவது இதுதான். அப்பா பெயர் பெரிய மேடையை முதல் நாளே தந்துவிடுகிறது, யாரும் பார்க்காமல் சொதப்புவதற்கு ஓர் இடம் தருவதில்லை. குத்துச்சண்டை சொதப்பிச் சொதப்பிக் கற்கிற தொழில்.

2025 மே 11, ஞாயிறு

இன்று ஒரு பழைய சண்டை பார்த்தேன். 1983 நவம்பர், லாஸ் வேகஸ், லாரி ஹோம்ஸும் மார்விஸ் ஃப்ரேசியரும். மார்விஸ், முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ ஃப்ரேசியரின் மகன், 23 வயது. அமெச்சூரில் நல்ல பெயர். ஆனால் தொழில்முறையில் பத்தே சண்டை. எதிரே நிற்பது ஐந்து வருடமாகத் தோற்காத ஹெவிவெயிட் சாம்பியன். மார்விஸுக்கு மேனேஜரும் பயிற்சியாளரும் ஜோதான். பொறுத்திருக்கலாம் என்று பலர் சொல்லியும், தயார் என்று முடிவு செய்தவரும் ஜோதான்.

மார்விஸ் கைகளைத் தொங்கவிட்டுத் தோளை ஆட்டி ஹோம்ஸைச் சீண்டினார். அப்பாவின் குனிந்து நுழைகிற பாணியும் இல்லை, தன் பாணியும் இல்லை. ஹோம்ஸின் வலது கை வந்தது. விழுந்தார், எழுந்தார். பிறகு கயிற்றோரம் நிற்க வைத்து ஹோம்ஸ் அடிக்க ஆரம்பித்தார். நடுவில் ஹோம்ஸே ரெஃப்ரியைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டுகிறார். முதல் ரவுண்டு முடிய மூன்று விநாடி இருக்கும்போதுதான் நிறுத்தினார்கள்.

1986 ஜூலையில் மைக் டைசனோடு விட்டார்கள். 30 விநாடியில் தோற்றார். மார்விஸின் முழுக் கணக்கு 19 வெற்றி, 2 தோல்வி. யாருக்கும் இது மோசமான கணக்கு இல்லை. ஆனால் ஜனங்களுக்கு ஞாபகம் இருப்பது அந்த இரண்டு மட்டும்தான்.

2025 ஜூன் 29, ஞாயிறு

சாவேஸ் ஜூனியர் ஜேக் பாலிடம் பத்து ரவுண்டு ஆடிப் புள்ளியில் தோற்றார். யூடியூப்பில் பேர் வாங்கிவிட்டுக் கையுறை மாட்டியவரிடம்! இவருடைய அப்பா ஜூலியோ சீசர் சாவேஸ் 1980 முதல் 1994 வரை ஒரு தோல்விகூட இல்லாமல் 90 சண்டை போட்டவர்.

மகனிடம் திறமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2011இல் டபிள்யூபிசி என்ற இன்னொரு உலக அமைப்பின் மிடில்வெயிட் பட்டம் வென்றார். 2012 செப்டம்பரில் செர்ஜியோ மார்ட்டினெஸிடம் பதினொரு ரவுண்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, பன்னிரண்டாவதில் மார்ட்டினெஸைக் கீழே தள்ளினார். இன்னும் ஒரு நிமிடம் இருந்திருந்தால் கதையே வேறு. இல்லாதது பசி. எடைக்கு வராமல் போனது எத்தனையோ தடவை. 17 வயதில் இறக்கிவிட்டு, டிக்கெட் விற்கிறது என்பதற்காக வருடக்கணக்கில் எளிய ஆட்களாகப் பார்த்துக் கொடுத்தார்கள். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று போஸ்டர் ஒட்டியவர்கள், புலிக்கு வேட்டை பழக்க மறந்துவிட்டார்கள்.

2025 ஜூலை 20, ஞாயிறு

டிம் ஸூ மறுபடியும் செபாஸ்டியன் ஃபுண்டோராவிடம் தோற்றார். ஏழு ரவுண்டுக்குப் பிறகு ஸ்டூலில் இருந்து எழவில்லை.

எனக்கு இவர்மேல் ஒரு தனிப் பிரியம். அப்பா கோஸ்ட்யா ஸூ 2001இல் ஜாப் ஜூடாவை இரண்டே ரவுண்டில் தள்ளாட வைத்து லைட் வெல்டர்வெயிட்டின் (140 பவுண்டுப் பிரிவு) மூன்று முக்கிய பெல்ட்டையும் தன் கையில் சேர்த்தவர். பிறகு ரஷ்யாவுக்கே போய்விட்டார். டிம் ஆஸ்திரேலியாவில், அப்பாவின் நிழல் படாத தூரத்தில், உறவினர் ஒருவரிடம் பயிற்சி பெற்று வளர்ந்தார். 2024 மார்ச்சில் ஃபுண்டோராவின் முழங்கை பட்டு உச்சந்தலை பிளந்து, கண்ணெல்லாம் ரத்தம் வழிய மீதிப் பத்து ரவுண்டும் ஆடினார். அன்று நிறுத்தியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இன்று நிறுத்தினார்கள். கோஸ்ட்யாவின் கடைசிச் சண்டையும் இப்படித்தான் முடிந்தது. 2005 ஜூனில் மான்செஸ்டரில், பதினோராவது ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளர் ஜானி லூயிஸ் போதும் என்றார். எதிரே இருந்தவர் பிரிட்டிஷ் வீரர் ரிக்கி ஹாட்டன்.

இதே மேடையில் பிலிப்பைன்ஸின் 46 வயது மேனி பாக்கியாவ், மரியோ பாரியோஸோடு சமன் செய்தார். அது வேறு கதை.

2025 செப்டம்பர் 15, திங்கள்

ரிக்கி ஹாட்டன் போய்விட்டார். 46 வயது.

இரவு முழுக்க அவருடைய சண்டைத் துண்டுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கவாட்டில் வளைந்து வரும் அந்த இடது ஹூக், விலா எலும்புக்குக் கீழே.

அவருடைய மகன் காம்ப்பெல் இந்த வருடம்தான் விளையாட்டை விட்டார். 24 வயதில். ரிக்கியின் முதல் சண்டை 1997 செப்டம்பரில் விட்னெஸ் ஊரின் உள்ளரங்கு விளையாட்டு மையம் ஒன்றில் நடந்தது. மகனின் முதல் சண்டை 2021 மார்ச்சில் ஜிப்ரால்டரில், டிலியன் வைட்டும் பொவெட்கினும் மோதிய பெரிய இரவில், உலகமே தொலைக்காட்சியில் பார்க்க. நாலு ரவுண்டுச் சண்டைக்கு அவ்வளவு கண்கள். அதே வருடம் சோனி மார்ட்டினெஸோடு ஆடியபோது ரெஃப்ரி காம்ப்பெலின் கையை உயர்த்தினார், அரங்கம் கூச்சலிட்டது. பிரிட்டனில் சின்னச் சண்டைகளுக்கு ரெஃப்ரி ஒருவர்தான் புள்ளி போடுவார். அந்த முடிவுக்கும் பையனுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் திட்டெல்லாம் அவனுக்கு. ஜேம்ஸ் ஃபிளின்ட்டிடம் தோற்ற பிறகும், அதே ஃபிளின்ட் முன்னால் மறுபடி போய் நின்றார். அந்தத் துணிச்சலைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை.

இப்போது அந்தப் பையன் வீட்டில் என்ன நிலைமையோ. இதற்குமேல் எழுத வரவில்லை.

2025 நவம்பர் 16, ஞாயிறு

கானர் பென் ஜெயித்துவிட்டார். அதே மைதானம், அதே எதிராளி, வேறு மனிதர்.

ஏப்ரலில் கண்ணை மூடிக்கொண்டு வீசியவர், நேற்று ஜாப் (முன்கையை நேராக நீட்டும் குத்து) போட்டுவிட்டு நகர்ந்தார். குத்து விழுந்தால் உடனே அடுத்ததுக்குப் பாயாமல் ஓர் அடி பின்னால் வைத்துப் பார்த்தார். மகா அலுப்பான விஷயம், ஆனால் அதுதான் வித்தை. யூபேங்க் ஜூனியரின் கால்கள் நாலாவது ரவுண்டிலேயே கனத்துத் தெரிந்தன. எடை இறக்கியது தின்றுவிட்டது என்றுதான் நினைக்கிறேன். கடைசி ரவுண்டில் கானர் அவரை இரண்டு தடவை விழ வைத்தார். மூன்று நடுவர்களும் ஒரே பக்கம்.

அப்பாக்கள் ஒரு வெற்றியும் ஒரு சமனுமாக விட்டதை, பிள்ளைகள் ஆளுக்கொன்றாக ஆக்கிவைத்திருக்கிறார்கள். மூன்றாவதும் வேண்டும் என்று இன்றே பேச ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டாம் என்பது என் கட்சி. யூபேங்க் ஜூனியர் நேற்று வாங்கிய அடிக்கு ஒரு வருடம் ஓய்வு எடுத்தாலும் தகும்.

2025 நவம்பர் 30, ஞாயிறு

இன்னொருவர் ஏறியிருக்கிறார். மேனி பாக்கியாவின் மகன் ஜிமுவெல், 24 வயது, கலிஃபோர்னியாவில் டெமெகுலா என்ற ஊரில் முதல் தொழில்முறைச் சண்டை. நாலு ரவுண்டு. முடிவு சமன். ஜூலையில் அப்பாவுக்கும் சமன்தானே என்று நண்பர்கள் குழுவில் ஒரே கேலி.

மேனி முதல் சண்டை போட்டது 1995 ஜனவரியில், 16 வயதில். எடை போதாமல் பாக்கெட்டில் கனமான எதையோ போட்டுக்கொண்டு தராசில் நின்றார் என்று அவரே சொல்லியிருக்கிறார். வயிற்றுக்காக வந்தவர். மகனுக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. அமெச்சூரில் பல வருடம் ஆடிவிட்டு, தானே கேட்டு வந்திருக்கிறார்.

துண்டு துண்டாகக் கிடைத்ததைப் பார்த்தேன். தலை நேராக நிற்கிறது, நகர்த்துவதில்லை. எதிராளி அடித்தால் உடனே திருப்பி அடிக்கிற ஆத்திரம் இருக்கிறது. இரண்டையும் சரிசெய்யலாம், நல்ல பயிற்சியாளர் ஒருவர் இரண்டு வருடம் உட்கார்ந்தால் போதும். அடுத்த சண்டையையும் நாலு ரவுண்டாகவே வைத்து, பெரிய இரவுகளில் முதல் ஆளாக, அரங்கம் பாதி காலியாக இருக்கும்போதே இறக்கிவிடலாம். செய்வார்களா? அடுத்த போஸ்டரிலும் அப்பா முகம்தான் பெரிதாக இருக்கும், பந்தயம் வேண்டுமானால் கட்டுகிறேன்.