ஏணியா, வலையா?

2011இல் நான் ஒரு சரக்குக் கப்பலில் தேர்ட் மேட், அதாவது மூன்றாம் நிலை அதிகாரி. உரம் ஏற்றிக்கொண்டு சூயஸ் வழியாக இறங்கி, சோமாலியக் கடற்கொள்ளையர் நடமாடிய ஏடன் வளைகுடாவைக் கடக்க வேண்டும். முழுச் சரக்கோடு அமிழ்ந்து போகும் கப்பல். எங்கள் டெக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டர்கூட இல்லை. வேகம் 12 நாட், அதாவது மணிக்கு 12 கடல் மைல். 18 நாட் வேகத்துக்கு மேல் ஓடும் கப்பலில் கொள்ளையர்கள் ஏறுவது கஷ்டம் என்பார்கள். எங்கள் கிழட்டு இன்ஜினிடம் அதை யார் சொல்வது?

செங்கடலிலேயே வேலை தொடங்கிவிட்டது. கப்பலைச் சுற்றி ரேசர் வயர், அதாவது பிளேடு வைத்த முள்கம்பி, கட்டினோம். தோல் கையுறையையும் மீறி, டெக் ஆட்களின் தலைவரான போசன் கையை அது கிழித்தது. தீயணைப்புக் குழாய்களை வெளிப்பக்கம் திருப்பி வைத்தோம். 'பாய்லர் சூட்' என்கிற பழைய வேலை உடுப்புக்குள் துணிக் கழிவை அடைத்து, ஹெல்மெட் மாட்டி, காவலுக்கு நிறுத்தினோம். சோளக்கொல்லைப் பொம்மைதான், உடுப்பு மட்டும் வேறு. கொள்ளையர் ஏறிவிட்டால் ஒளிய ஸ்டியரிங் கியர் ரூம், சுக்கானை இயக்கும் எந்திர அறை. ஆனால் ஒருவர் வெளியே சிக்கினாலும் கடற்படை அதிரடியாக ஏறத் தயங்கும். அதனால் தலை எண்ணுவதைத்தான் திரும்பத் திரும்பப் பழகினோம்.

செங்கடல் முடியும் பாப் எல் மந்தெப் நீரிணையை நெருங்கும்போது, என் காலைக் காவல் நேரத்தில், இரண்டு படகுகள் நேராக எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தன. கேப்டனைக் கூப்பிட்டேன். அலாரம் அடித்தது. பைனாகுலரில் நான் தேடியது ஒன்றைத்தான்: ஏணி. ஏணி இருந்தால் கொள்ளையர். ஒரு மைல் தூரத்தில் படகில் நின்ற ஒருவன் சட்டையைக் கழற்றி வீசி வீசிக் காட்டினான். அப்புறம்தான் தண்ணீரில் மிதப்புகள் வரிசையாகத் தெரிந்தன. வலை. கேப்டன் சுக்கானைத் திருப்பச் சொன்னார். லாக் புத்தகத்தில் 'சந்தேகத்துக்குரிய படகுகள்' என்றுதான் எழுதினேன்.

ஊருக்குப் போனில் சொன்னபோது, தூத்துக்குடியில் நாற்பது வருஷம் வலை போட்ட அப்பா சிரிக்கவில்லை. "கப்பல் வலை மேல வந்தா நாங்களும் அப்படித்தாம்ல ஓடுவோம். கைல கிடைச்சதை வீசிக் காட்டுவோம்" என்றார்.

2012 பிப்ரவரியில் கேரளக் கரைக்கு அப்பால், 'என்ரிகா லெக்ஸி' எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு நின்ற இத்தாலியக் கடற்படையினர் கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன். அந்த வாரம் அப்பா போன் செய்து ஒன்றே ஒன்றைக் கேட்டார்: "உங்க கப்பல்ல துப்பாக்கி வச்சிருக்காங்களாலே?"

அடுத்த பயணத்துக்கு நான்கு காவலர்கள் ஏறப்போவதாக அன்று காலைதான் மெயில் வந்திருந்தது.