இல்லம் பார்க்கப் போகும் முன் எழுத வேண்டிய இரண்டு பக்கம்

"நல்ல முதியோர் இல்லமா ஒண்ணு சொல்லுங்க." சென்னையிலோ கோவையிலோ முதியவர்களுக்கு இடம் தேடும் குடும்பங்கள் அநேகமாக இப்படித்தான் தொடங்குகின்றன. அடுத்ததாக ஏசி உண்டா, சைவச் சாப்பாடா, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். இடம் தேடிக்கொடுப்பதைத் தொழிலாகச் செய்யும் நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அம்மா ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறார், அப்போது யார் கூடப் போகிறார்கள்?

இதற்குப் பதில் தெரியாமல் எந்த இல்லத்தையும் பார்க்கப் போக வேண்டாம். மூன்று நாள், பகலும் இரவும், ஒரு பக்கத்தில் எழுதுங்கள். குளியல், உடை மாற்றுவது, கழிப்பறை, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலம் சிறுநீர் அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே: தானாகச் செய்கிறார், பக்கத்தில் ஆள் நின்றால் போதும், கை கொடுக்க வேண்டும், முழுவதும் ஆள்தான் செய்ய வேண்டும். இவற்றில் எது என்று உள்ளது உள்ளபடி குறியுங்கள்.

இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் தவறுகின்றன. இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில், அல்லது அப்பாவின் கௌரவத்தைக் காப்பாற்ற, எல்லாவற்றிலும் 'தானாக' என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு மூன்று இரவுகளில் இல்லத்துக்கு உண்மை தெரிந்துவிடும். இரவில் கழிப்பறைக்கு அழைத்துப் போக ஆள் போதாது. டயபர் போட்டுவிடுவார்கள். எழுந்து நடக்க வேண்டிய தேவை போய்விட்டதால் காலில் வலு குறையும். சில வாரங்களில், நடந்து வந்தவர் கட்டிலோடு ஒடுங்கிவிடுவார். இதில் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் அட்டெண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. எத்தனை ஆள் தேவை என்ற கணக்கே முதல் நாளில் பிழையாகக் கொடுக்கப்பட்டது.

இரண்டாவது பக்கம் மருந்துக்கு. பிராண்ட் பெயர் மட்டும் போதாது. ரத்த அழுத்த மாத்திரை என்றால் 'அம்லோடிபின் 5 மில்லிகிராம், காலை, சாப்பிட்ட பின்' என்று மருந்தின் பெயரே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஒரு பிராண்டையும் குடும்ப டாக்டர் வேறு பிராண்டையும் எழுதியிருப்பார்கள். உள்ளே ஒரே மருந்து. இரண்டு அட்டையும் பையில் வந்தால் இரண்டையும் கொடுத்துவிடுவார்கள். ரத்த அழுத்தம் இறங்கி, எழுந்ததும் தலைசுற்றி விழுவார். இன்சுலின் போடுபவராக இருந்தால் இல்லத்தில் இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும்.

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சொல்லி, "இன்னைக்கே இடம் வேணும்" என்று வரும் நிலைமை தனி. வீட்டில் தெளிவாக இருந்தவர் திடீரென ஆள் தெரியாமல் பேசுகிறார் என்றால், மறதி நோய் என்று முடிவு கட்டும் முன் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு இரண்டையும் பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்தக் குழப்பம் சில வாரங்களில் தெளியவும் கூடும். ஆகவே அந்த நாளில் பெரிய அட்வான்ஸ் கட்ட வேண்டாம். ஒரு மாதம் தங்கும் ஏற்பாடு மட்டும் கேளுங்கள்.

இல்லத்தைப் பார்க்க ஒரு முறை சொல்லிவிட்டுப் போங்கள். இன்னொரு முறை சொல்லாமல், மாலை ஏழு எட்டு மணிக்குப் போங்கள். பகல் ஆட்கள் கிளம்பி, இரவு ஆட்கள் வந்து சேரும் நேரம் அது. தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, அழைப்பு மணி கட்டிலோடு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாடியில் இரவில் எத்தனை பேருக்கு எத்தனை அட்டெண்டர் என்று கேளுங்கள். படுத்தே கிடப்பவர்களைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகடியில் புண் வரும். அதற்கான சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றால் உட்கார்ந்த இடத்தில் நிரப்பியது. அளக்கும் டேப் ஒன்று கொண்டு போங்கள். பாத்ரூம் கதவு இரண்டரை அடி என்றால், பல வீல்சேர்களைக் கையை இடித்துக்கொண்டுதான் உள்ளே தள்ள வேண்டியிருக்கும்.

கட்டணத்தில் மாதத் தொகை பாதிக்கதைதான். டயபர், பிசியோதெரபி, டாக்டர் வருகை, ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருக்கும் ஆள் என ஒவ்வொன்றும் தனி. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். நடுவில் கிளம்பினாலோ இறந்துவிட்டாலோ அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும் என்பதையும் சேர்த்தே. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், கேளுங்கள். மருத்துவக் காப்பீடு பொதுவாக இந்த மாதக் கட்டணத்தைத் தராது.

எங்களைப் போன்றவர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: இந்த இல்லம் உங்களுக்குக் கமிஷன் தருகிறதா? தருவதில் தவறில்லை, மறைப்பதுதான் தவறு. கமிஷன் தராத இல்லத்தின் பெயர் பட்டியலிலேயே வராமல் போகலாம். தொகையைக் குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

மறதி நோய் தொடக்கத்தில் இருந்தால் பேங்க் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் புரிந்து முடிவெடுக்கும் தெளிவை இழந்துவிட்டால், முன்பு எழுதிக்கொடுத்த பவர் பத்திரமும் சட்டப்படி நிற்காது. தெளிவோடு இருக்கும்போதே 'ஐதர் ஆர் சர்வைவர்' (இருவரில் யார் வேண்டுமானாலும், ஒருவர் இறந்தால் மற்றவர் எடுக்கக்கூடிய) கூட்டுக் கணக்காக மாற்றிவிடுங்கள். மத்திய அரசு பென்ஷன்காரர்களுக்கு நவம்பரில் வாழ்வுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 80 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். இல்லத்தில் இருந்தபடியே ஜீவன் பிரமாண் (ஆதார் வழி டிஜிட்டல் வாழ்வுச் சான்றிதழ்) மூலம் யார் செய்துகொடுப்பார்கள் என்று சேர்க்கும் நாளிலேயே பேசி வையுங்கள்.

காலையில் கொண்டுபோய் விடுங்கள். இருட்டிய பிறகு புது இடத்துக்குப் போனால் கழிப்பறை எந்தப் பக்கம் என்றே தெரியாது. மூக்குக் கண்ணாடி, பேட்டரியோடு காது மெஷின், பெயர் எழுதிய பல்செட் டப்பா, வீட்டுத் தலையணை எல்லாம் கூடப் போகட்டும். அன்றைக்கே எடை பார்த்து எழுதுங்கள். முப்பதாம் நாள் மறுபடி பாருங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் சமையலைக் குறை சொல்வதற்கு முன், பல்செட் சரியாகப் பொருந்துகிறதா, ஊட்டிவிட ஆள் எவ்வளவு நேரம் உட்காருகிறார் என்று ஒரு மதியம் கூடவே இருந்து பாருங்கள்.