மிலானில் பேண்ட் கிழிந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த பேண்ட் 3,200 ரூபாய். அதுவும் ஆடித் தள்ளுபடி போக. "மிலானுக்குப் போறோம், அங்க எல்லாரும் சிக்குன்னு போட்டுட்டுத் திரிவாங்க, நீங்க மட்டும் கோணி மாட்டின மாதிரி வராதீங்க" என்று வீட்டம்மாதான் எடுக்க வைத்தாள். அப்பா அதைப் புரட்டி, உள்பக்கத் தையலை நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டு, "உள்ள துணியே விடலையேடா" என்றார். மதுரை புது மண்டபத்தில் நாற்பது வருஷம் தையல் மெஷின் மிதித்த மனுஷன். எந்த ரெடிமேடைக் காட்டினாலும் இதைத்தான் சொல்வார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நேற்று விடியற்காலை தங்கச்சி வீட்டிலிருந்து நாலு பேரும் கிளம்பினோம். சூரிச்சிலிருந்து மிலானுக்கு ரயிலில் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நடுவே மலைக்கு அடியில் 57 கிலோமீட்டர் சுரங்கம். அப்பா சுரங்கத்துக்கு முன்பே தூங்கி, தாண்டிய பிறகு எழுந்து, "ஆல்ப்ஸ் மலை எங்க பாப்பா?" என்றார். "அதுக்கு அடியிலதான்ப்பா வந்தோம்." "இவ்வளவு காசு வாங்கிட்டு அடியிலயா கூட்டிட்டு வர்றான்?" என்று ஸ்டேஷன் வரும்வரை மனது ஆறவில்லை அவருக்கு.

"அவசரமே இல்லண்ணே, ஆற அமரச் சுத்துவோம்" என்றிருந்தாள் தங்கச்சி. அவளுடைய ஆற அமர எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். செல்போனில் பத்து நிமிஷத்துக்கு ஒரு அலாரம். டாவின்சி வரைந்த கடைசி இராப்போசனத்துக்கு மட்டும் டிக்கெட் கிடைக்கவில்லை. அதற்குப் பல வாரம் முன்பே பதிய வேண்டுமாம், பதிந்தாலும் 15 நிமிஷம்தான் உள்ளே விடுவார்களாம். "திருப்பதியில அது கூட இல்லையே" என்று வீட்டம்மா தேற்றினாள்.

முதலில் துவோமோ, அதாவது பெரிய கோயில். படத்தில் எத்தனை தடவை பார்த்திருந்தாலும் மெட்ரோவிலிருந்து படியேறி தலையை நீட்டும்போது வாய் பிளக்கத்தான் செய்கிறது. ரோஸ் கலர் ஓடிய வெள்ளைப் பளிங்கு, மேலே ஊசி ஊசியாகக் கோபுரங்கள், உச்சியில் தங்க முலாம் பூசிய மாதா. 1386இல் ஆரம்பித்த வேலை. கடைசிக் கதவு மாட்டியது 1965இல். இழுத்துக்கொண்டே போகிற வேலையை மிலான்காரர்கள் இன்றைக்கும் "துவோமோ வேலை" என்றுதான் சொல்வார்கள் என்று தங்கச்சி சொல்லி வாயை மூடவில்லை, "என் பிளவுஸ் மாதிரி" என்றாள் வீட்டம்மா. சித்திரைத் திருவிழாவுக்குக் கட்ட அப்பாவிடம் கொடுத்த மாம்பழக் கலர் பிளவுஸ். எந்த வருஷத்துச் சித்திரை என்பதை நான் சொல்லப்போவதில்லை. அப்பா காது கேட்காதவர் போலக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.

இந்தப் பளிங்கு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலையில் வெட்டி, ஏரி வழியாக, ஆறு வழியாக, கால்வாய் வழியாகப் படகில் ஊருக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். கோயில் வேலைக்கான கல் என்பதற்கு அடையாளமாக ஏ.யு.எஃப். என்று மூன்று எழுத்து போட்டிருப்பார்களாம், அதற்குச் சுங்கம் கிடையாதாம். இத்தாலியில் காசு கொடுக்காமல் ஒட்டிக்கொண்டு சாப்பிடுவதை "அ ஊஃபோ" என்பார்கள், அது இதிலிருந்துதான் வந்தது என்று ஒரு கதை. கம்பெனிக் காலத்துத் தபாலில் ஓ.சி. முத்திரை இருந்தால் கட்டணம் இல்லை, அதிலிருந்துதான் நம் ஓசி வந்தது என்று நம் ஊரிலும் சொல்கிறோம் அல்லவா? ஓசியில் தின்பவனுக்கு இரண்டு ஊரிலும் இரண்டு, மூன்று எழுத்தில் பட்டம் கொடுத்திருக்கிறோம். எனக்கு அன்றைக்கு இருந்த ஒரே சந்தோஷம் இதுதான். அதற்கப்புறம் நடந்தது எதுவும் ஓசி இல்லை.

உள்ளே ஒரு சிலை. நின்ற கோலத்தில் ஒரு பெரியவர், தோளிலிருந்து இடுப்பு வரை சுற்றி வழியும் துணி. அப்பா அதற்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். "மடிப்பு விழுறதைப் பாருடா. கல்லுல எவன்டா இப்படித் துணியை விழ வச்சது!" தங்கச்சி தயங்கித் தயங்கி, "அப்பா, அது துணி இல்ல, அவர் தோல்" என்றாள். புனித பர்த்தலமேயு. உயிரோடு தோலை உரித்துவிட்டார்களாம், அதைத்தான் அங்கவஸ்திரம் போலப் போட்டுக்கொண்டு நிற்கிறார். வீட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா அசரவில்லை. இன்னும் கிட்டப் போய் முதுகுப் பக்கம் தொங்கியதைப் பார்த்தார். 1562இல் செய்த மார்க்கோ தக்ராத்தே என்ற சிற்பி, பழங்கால கிரேக்கச் சிற்பி ஒருவரை வம்புக்கு இழுத்து, "என்னைச் செய்தவர் பிராக்சிடிலீஸ் அல்ல, மார்க்கோ தக்ராத்தே" என்று அடியில் பொறித்து வைத்திருக்கிறார். அதைக் கேட்டதும் அப்பாவுக்கு ஒரே குஷி. "காலர்ல கடை லேபிள் வச்சுத் தைக்கிற மாதிரி!"

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோயிலுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக் கூரை போட்ட கடைவீதி, விட்டோரியோ இமானுவேலே காலரி. கட்டிய மெங்கோனி 1877 டிசம்பரில் வேலை முடியும் தறுவாயில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். நடுத் தரையில் சில்லுக் கற்களால் பதித்த ஒரு காளை, தூரின் நகரத்துச் சின்னம். அதன் விதைப்பை இருக்கும் இடத்தில் குதிகாலை ஊன்றி மூன்று சுற்று சுற்றினால் அதிர்ஷ்டமாம். ஊர் உலகமே வந்து சுற்றிச் சுற்றி அங்கே ஒரு குழியே விழுந்திருக்கிறது. பாவம் அந்தக் காளை.

வரிசையில் நின்றோம். தங்கச்சி சுற்றினாள். வீட்டம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுற்றினாள், இரண்டு பேர் கைதட்டினார்கள். என் முறை. குதிகாலைக் குழியில் வைத்து முதல் சுற்று. இரண்டாவதில் கொஞ்சம் வேகம். மூன்றாவது சுற்றில் கால் வழுக்கி, ஒரு கால் தூரினுக்கும் மறு கால் ரோமுக்கும் போனது.

அந்தச் சத்தம் 47 மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் மோதித் திரும்பி வந்தது. நாலு பக்கமும் விலை உயர்ந்த கடைகள், அவற்றின் வாசலில் கோட் போட்ட காவலாளிகள். நடுவில் நான், பெல்ட்டுக்குக் கீழே தொடங்கித் தொடை வரை காற்றோட்டமாக.

அப்பா ஓடிவந்து தூக்குவார் என்று பார்த்தால், பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "சீட்டுத் தையல். சொன்னேனா இல்லையா, உள்ள துணி விடலைன்னு" என்றார்.

அடுத்தது காபிக் கடை. இத்தாலியில் ஒரு வழக்கம் உண்டு. கல்லா ஓரம் நின்றபடி குடித்தால் காபி ஒன்றே சொச்சம் யூரோ, உட்கார்ந்தால் அதே காபிக்கு வேறு விலை. காலையிலிருந்து கெட்டிக்காரத்தனமாக நின்றே குடித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். இப்போது நான் நிற்கக்கூடிய நிலையில் இல்லையே! உட்கார்ந்தோம். ஆளுக்கு ஏழு யூரோ. மதியம் இரண்டு மணிக்கு நாலு கப்புச்சினோ என்றதும் பரிமாறுபவர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். அங்கே அதெல்லாம் காலையோடு சரியாம்.

அப்பா மணிபர்ஸைத் திறந்தார். முருகன் படத்துக்குப் பின்னால் நாலாக மடித்த அட்டை, அதில் செருகிய ஊசி, சுற்றிய கறுப்பு நூல், வெள்ளை நூல். "கழட்டிக் குடு."

கழிவறைக் கதவை ஒரு சாண் திறந்து பேண்டைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஜட்டியோடு உட்கார்ந்திருந்தேன். வெளியே ஆட்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். "ஒக்குப்பாத்தோ", அதாவது உள்ளே ஆள் இருக்கு, என்று குரல் கொடுங்கள் என்று அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். இருபத்தைந்து நிமிஷம் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரே இத்தாலிய வார்த்தையை இப்போது தூக்கத்திலும் சொல்வேன். என் கப்புச்சினோவைப் பங்கு போட்டுக் குடித்துவிட்டார்கள் என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

துவோமோ கூரைக்கு எடுத்த டிக்கெட் நேரம் தாண்டிப்போனது. மிச்சப் பொழுதுக்குச் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு நான் முன்னால் நடக்க, எல்லாரும் பின்னால் மறைத்து வர, விலை உயர்ந்த துணிக்கடைகள் வரிசை கட்டிய மோந்தேநாப்போலியோனே தெருவில் ஊர்வலம். அப்பா ஒவ்வொரு கண்ணாடியிலும் மூக்கை ஒட்டிக் கோட்டுகளின் காஜாவை எண்ணிக்கொண்டு வந்தார். ஒன்றின் விலையைத் தங்கச்சி ரூபாயில் சொன்னாள். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "துணியோடவா, தையல் கூலி மட்டுமா?" என்றார்.

ராத்திரி வந்து விழுந்து தூங்கிவிட்டேன். காலையில் பேண்ட் நாற்காலியில் மடித்திருந்தது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தால், சீட்டில் மட்டுமில்லை, இரண்டு கால், இடுப்பு, பாக்கெட் ஓரம் எல்லாம் கையால் கெட்டித் தையல். வலது முட்டி வரை கறுப்பு நூல். தீர்ந்துபோயிருக்கும், அதற்குக் கீழே வெள்ளை.

அப்பாவுக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது. யார் கோத்துக் கொடுத்தது என்று கேட்டேன். "நான்தான். ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன்" என்றாள் வீட்டம்மா. "ஊருக்குப் போனதும் மொதல் வேலை பிளவுஸ்தான்னு மாமா சொல்லிட்டாரு."