தில்லி வெயிலும் ஆடிய கடைவாய்ப்பல்லும்

சென்ற நவம்பரில் பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் கசிந்தது. கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று நாக்கால் தள்ளினாலே ஆடியது. மயூர் விகாரில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பல் மருத்துவர், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய அளவுக்கம்பியை நுழைத்துப் பார்த்து, 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய இடைவெளி 6 ஆகிவிட்டது என்றார். முதல் காரணம் வேரோடு படிந்திருந்த காரைதான். மரத்துப்போகும் ஊசி போட்டு இரண்டு நாள்களில் அதைச் சுரண்டி எடுத்தார். ஆனால் என் வயதுக்குத் தாடை எலும்பு அதிகமாகவே கரைந்திருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்ததால், வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொன்னார்.

ரத்தப் பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம் என்று வந்தது. 20-க்குக் கீழே இருந்தாலே குறைபாடு. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு இந்த வைட்டமின் தேவை என்பதாலும், பல்லைப் பிடித்திருப்பது எலும்பு என்பதாலும், இரண்டுக்கும் உள்ள தொடர்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இளவெயில் உடம்புக்கு நல்லது என்று அம்மா சொல்லி வளர்த்ததால், பால்கனியின் கண்ணாடிக்கதவைச் சாத்திக்கொண்டு காலை ஏழரைக்கு உட்கார்ந்து, வெயில் காய்ந்துகொண்டிருந்தவள் நான். தோலில் வைட்டமினை உண்டாக்கும் புற ஊதா பி கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையில் அது வந்து சேர்வதே அற்பம். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே பயனுள்ளது என்று மருத்துவர் சொன்னதை, டிசம்பர் 21 அன்று மொட்டை மாடியில் சோதித்துப் பார்த்தேன். என் உயரம் 155 செ.மீ. மகள் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு அளந்தபோது, நண்பகல் பன்னிரண்டேகாலுக்கும் என் நிழல் ஏறக்குறைய 198 செ.மீ. இருந்தது. சென்னையில் அதே நாளில் உச்சிவேளை நிழல் ஆளைவிடக் குட்டையாகவே விழும். இங்கோ அதற்கு மேல் புகைமூட்டமும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே 60,000 யூனிட் பொடி, வாரம் ஒன்று வீதம் எட்டு வாரங்களுக்கு எழுதித் தந்தார். மருந்துக்கடையில் தினம் ஒன்று என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் சீட்டை மறுபடி படித்ததால் தப்பினேன். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும் என்பதால், வாங்குபவர்கள் தயவுசெய்து சீட்டைத் தாங்களே படியுங்கள். இது கொழுப்பில் கரையும் சத்து என்பதால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் பாலில் கலந்து குடித்தேன்.

காரை எடுத்த சில வாரங்களிலேயே ரத்தக்கசிவு நின்றது. அந்தப் பெருமையை வைட்டமினுக்குத் தர மாட்டேன். பிப்ரவரியில் இடைவெளி 4 மில்லிமீட்டராகவும் வைட்டமின் அளவு 34 ஆகவும் இருந்தன. பல் இன்னும் லேசாக ஆடுகிறது. 20-ஆம் தேதி பன்னிரண்டரைக்கு மகள் மறுபடி கோடு போட்டாள். நிழல் 128 செ.மீ.தான். அன்று முதல் கைகளை மறைக்காமல், அந்த நேரத்தில் கால் மணி நேரம் மாடியில் நிற்கிறேன்.